எந்த எண்ணெய் என்று வண்டிக்குத் தெரியாது

பெயர்: இந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். தாள் அப்பா கையில் கிடைத்தால் என் பெயர் அதில் இருக்கக் கூடாது. கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்பதும் தெரியும். வயது: பதினான்கு. முகவரி: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேல் உள்ள மாடி வீடு.

பயிற்சிப் பள்ளி அப்பாவுடையது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அம்மா. நேற்று ஒரு பெண் போலீஸ் அதிகாரி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, திங்கட்கிழமை நடந்த விபத்தைப் பற்றி அம்மாவின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போனார். அதில் ஒரு வரி உண்மை இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காரின் சர்வீஸுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறித்த மாதமோ குறித்த தூரமோ வந்ததும் இஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுவது. மற்றது, ஓட்டும் விதத்தைக் கணக்கிட்டு வண்டியே நாள் சொல்லும்வரை காத்திருப்பது. இரண்டாவது வழிக்கு விலை கூடிய தனி எண்ணெய் வேண்டும். அம்மா முதல் வழியைக் கேட்டார். அப்பா இரண்டாவதை விரும்பினார். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"வண்டி கேக்கட்டும், செய்வோம். நம்ம வண்டி என்ன ஊர் ஊராவா ஓடுது? நத்தை மாதிரி தெருவைத்தானே சுத்துது" என்பார் அப்பா.

"நத்தை மாதிரி சுத்தறதுதாங்க இஞ்சினுக்குக் கேடு" என்பார் அம்மா.

அதன் பிறகு, போன வருடப் பரீட்சை முடிந்த நாளில், அப்பா என்னைப் பள்ளியிலிருந்து அதே காரில் ஏற்றிக்கொண்டு நேராகப் பணிமனைக்குப் போனார். நான் பின் சீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் ஜன்னல் பக்கம் குனிந்து எந்த எண்ணெய் என்று கேட்டதற்கு, அப்பா சாதா எண்ணெயே போதும் என்றார். அப்படியென்றால் வண்டியின் கணினி அமைப்பை முதல் வழிக்கு மாற்ற வேண்டும் என்று அண்ணன் சொன்னார்.

"அதை ஏன்ப்பா தொடறே? அதுக்குத்தான் மூளை இருக்கே."

"மூளை இருக்கு சார். ஆனா நீங்க எதை ஊத்துனீங்கன்னு அதுக்குத் தெரியாது. நல்லதைத்தான் ஊத்தியிருப்பீங்கன்னு நம்பி ஓடிட்டே இருக்கும்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அமைப்பை மாற்றவில்லை. அந்த அண்ணன் அதன் பிறகு வேலையை விட்டு எங்கோ போய்விட்டார். அன்று பின் சீட்டில் இருந்தது நான் மட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, எண்ணெய் மாற்றியாயிற்றா என்று அம்மா கேட்டார். "நல்ல எண்ணெயாவே ஊத்தியாச்சு" என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை, அம்மா சொல்லக் கேட்டேன். கார் கற்றுக்கொள்ள வரும் தையல்கார அக்கா ஓட்டிக்கொண்டிருக்கையில், இறக்கத்தில் இஞ்சின் தானாக நின்றுவிட்டது. அக்கா பயந்து பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்க, இஞ்சின் ஓடாததால் அதன் பிறகு பிரேக் கல்லாக இறுகிவிட்டது. அம்மா தன் பக்கத்துப் பிரேக்கை இரண்டு கால்களாலும் மிதித்தும் கார் போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பேப்பர்காரர் மேல் மோதியது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இஞ்சினைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் இல்லை, கறுப்புக் களிதான் இருந்ததாம்.

அதன் பிறகு அப்பா சமையலறையில் அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன்.

"நீதான் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுபோனேன்னு சொல்லிடு. டிரைவிங் ஸ்கூல் லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. அது போச்சுன்னா மூணு பேரும் தெருவுலதான். உன் மேல வந்தா அபராதத்தோட போயிடும்."

 அம்மா துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தார். நேற்று அதிகாரியிடம் எண்ணெயைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று சொன்னார். "இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்களா?" என்று அதிகாரி பேனாவை நிறுத்தினார். "மறந்துட்டேன்" என்றார் அம்மா. அம்மா எதையும் மறப்பவர் இல்லை.

இன்று மாலை, பேப்பர்காரர் இன்னும் கண் திறக்கவில்லை என்றும் இனி அபராதத்தோடு போகாது, அம்மா சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் தகவல் வந்தது. அதன் பிறகு அப்பா என் தலைமேல் கை வைத்து, "நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டா, எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லு கண்ணு, போதும்" என்றார். அந்தக் கை வியர்வையில் நனைந்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. இதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இப்போது அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறார். நடை நிற்கும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, அவர் மறுபடி நடந்தால்தான் எழுதுகிறேன். அதனால் சில வரிகள் கோணலாக இருக்கும். பக்கத்தில் அம்மா தூங்குகிறார். தூக்கத்திலும் அவருடைய இரண்டு கால்களும் கட்டில் சட்டத்தை அழுத்திக்கொண்டே இருக்கின்றன.

விபத்து தவிர, மேலே உள்ளவை அனைத்தும் நான் கண்ணால் பார்த்தவை, காதால் கேட்டவை. இதில் எதுவும் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. சொல்லிக்கொடுத்தது வேறு. முதல் வரியில் விட்ட என் பெயரை இங்கே முழுதாக எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)