இன்ஷிராஹின் மாத்திரை

இல்ல தங்கச்சி, நீங்க உக்காருங்க. நான் இந்த வார்டு வாசல்லயே நிக்கிறேன். உள்ள கெடக்குறது என் சம்சாரம், இன்ஷிராஹ். காலையில எட்டு அடிக்க எட்டு நிமிஷம் இருந்துச்சு. ரொட்டியப் பிச்சு அவிச்ச அவரையில தொட்டவ, வாய்க்குக் கொண்டுபோக முடியாம கையவே பாத்துக்கிட்டு இருந்தா. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.

ஆமா, பக்கவாதம்தானாம். மூளைக்குப் போற குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு.

அவ இதயத்துல உலோக வால்வு வச்சு ஒம்பது வருஷமாச்சு. வீடு அமைதியா இருந்தா டிக் டிக்குனு கேக்கும். கழுத்துல மணி கட்டின மாடு மாதிரி இருக்கடின்னு கேலி பண்ணுவேன். மேய்க்கிறவன் நீதானேன்னு அவ திருப்புவா. உலோகம் உடம்புக்கு வேத்துப் பொருளாச்சே, ரத்தம் அதுமேல படிஞ்சு உறையப் பாக்குமாம். உறைஞ்சது பிஞ்சு ஓடினா மூளையில போய் நிக்கும். உறையாம இருக்கத்தான் தினம் அந்த மாத்திரை. பிரஷருக்கு இன்னொண்ணு. சாயங்காலம் மஃரிப் தொழுததும் ரெண்டையும் நான்தான் எண்ணிக் கையில வைப்பேன். அவ பாக்கக்கூட மாட்டா, அப்படியே முழுங்கிடுவா. நான் படிச்சது நாலாவதுதான், ஆனா எண்ணிக்கை தப்பாது. தெருவுல யாருக்கு மாத்திரையில சந்தேகம்னாலும் இந்த ஷஹாத்தாவக் கேளும்பாங்க.

அவ முதுகா? உள்ள கொண்டுபோறப்போ துணிக்கட்டப் பாத்தீங்களா. அது நேத்து ஹிஜாமா வச்சது. பிறை பதினேழுல்ல, அதுக்கு நல்ல நாள். கீறி, குப்பி கவுத்து, கெட்ட ரத்தம் எடுத்தாத்தான் அவளுக்குத் தோள்வலி அடங்கும். போன தடவை ரத்தம் நிக்கவே இல்ல, மூணு துண்டு நனைஞ்சுச்சு. மாத்திரைய நிறுத்தாம இனி என் வாசல மிதிக்காதேன்னுட்டா குப்பி வைக்கிறவ. டாக்டரோ ஒரு நாளும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு.

நேத்தா? நேத்து ஒரு துண்டுகூட முழுசா நனையல.

இப்ப சின்ன டாக்டர் வந்தாரு. கட்டியக் கரைக்க ஊசி இருக்காம். அந்த மாத்திரை உடம்புல இருந்தா போடக்கூடாதாம், மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிரும். இங்க சோதிக்கிற மெஷின் கெட்டுக் கெடக்கு, ரத்தத்த வெளிய அனுப்பியிருக்கு, ஒரு மணி நேரம் ஆகும். மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டாங்களா, இல்லைன்னா ஊசிய இப்பவே போடலாம், நிமிஷத்துக்கு நிமிஷம் மூளை செத்துக்கிட்டிருக்குன்னாரு.

ஒரு நாள்கூடத் தப்பலன்னு சொல்லிட்டேன்.

நாலு நாளா பிரஷர் மாத்திரை மட்டும்தான் குடுத்தேன் தங்கச்சி. அவளுக்கே தெரியாது.

அந்த டாக்டர் எந்தக் கதவுக்குள்ள போனாரு, பாத்தீங்களா?