படிக்கட்டு லைனில் பத்து ஆம்பியர்

ராஜம்மா: காலங்காத்தால ஸ்டூல் மேல ஏறி என்ன சாமி பண்றீங்க? விழுந்து வச்சீங்கன்னா மாமிக்கு யாரு பதில் சொல்றது?

வைத்தியநாதன்: நகரு ராஜம்மா. திருடனைப் பிடிக்கறேன்.

ராஜம்மா: மீட்டர் பொட்டிக்குள்ளயா ஒளிஞ்சிருக்கான்?

வைத்தியநாதன்: சிரிக்காதே. இந்தப் படிக்கட்டு லைன்ல இருக்கறதே நாலு பல்பு. பில் என்னடான்னா பூஜா பந்தல் அலங்கார லைட்டுக்கு வர்ற மாதிரி வர்றது. யாரோ திருட்டு வயர் போட்டு இழுக்கறா. வீட்டுக்கார வெங்கடநாராயணன் இதோ வந்துண்டே இருக்கார். யார் மாட்டினாலும் இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணுமாம்.

ராஜம்மா: இன்னிக்கா? அவர யாரு வரச் சொன்னது?

வைத்தியநாதன்: நான்தான்.

ராஜம்மா: ஏன் சாமி... பேங்குல ரிட்டையர் ஆனா மத்தவங்கள்லாம் லேக்ல நடக்கப் போறாங்க.

வைத்தியநாதன்: இந்த இடுக்கி மீட்டரைப் பாரு. வயரை இப்படிக் கவ்வினா எவ்வளவு கரண்ட் ஓடறதுன்னு காட்டும். வோல்டேஜ் பாத்தாச்சு, இருநூத்தி முப்பது. கரண்ட்... அடேயப்பா! பத்து ஆம்பியர்!

ராஜம்மா: அது ரொம்பவா?

வைத்தியநாதன்: ரெண்டையும் பெருக்கு. ரெண்டாயிரத்து முந்நூறு வாட்! வோல்டேஜைக் கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ், இருபத்து மூணு ஓம். பல்பு நாலும் இப்போ அணைஞ்சுன்னா கிடக்கு? எவனோ இதுல சமையலே பண்றான்!

ராஜம்மா: அய்யய்யோ, அடுப்புல எண்ணெய் காயுது! இதோ வந்துட்டேன்...

வைத்தியநாதன்: நான் பேசிண்டிருக்கேன், நீ பாட்டுக்கு... இதென்ன? நாலுக்கு எறங்கிடுத்து?

ராஜம்மா: வந்துட்டேன். ம்... எங்க விட்டீங்க?

வைத்தியநாதன்: நீ உள்ள போனே, ஆறு ஆம்பியர் காணாமப் போச்சு. ஆறு இண்டு இருநூத்தி முப்பது... ஆயிரத்து முந்நூத்தி எண்பது வாட். நீ விக்கற முறுக்கை எந்த அடுப்புல சுடறே?

ராஜம்மா: ... கேஸ்லதான்.

வைத்தியநாதன்: ராஜம்மா.

ராஜம்மா: சரி, கரண்ட் அடுப்புதான்! இந்த ரூம விட்டா நான் எங்க போவேன்? கரியாஹாட் கடைத்தெரு பிளாட்பாரத்துல உக்காந்தா முறுக்கு புழிய முடியும்? வயரப் பிடுங்கிப் போட்டுடறேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க சாமி.

வைத்தியநாதன்: அதெல்லாம் முடியாது. நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

ராஜம்மா: அப்ப மீதி நாலு?

வைத்தியநாதன்: எந்த நாலு?

ராஜம்மா: பத்துல ஆறு போனா நாலு. அதையும் பெருக்குங்களேன்.

வைத்தியநாதன்: தொள்ளாயிரத்து... இருபது. அது... பழைய வயரோல்லியோ. சுவர் பூரா ஈரம். வயரே குடிச்சுடும்.

ராஜம்மா: தொள்ளாயிரத்தையுமா? என்னா குடி!

வைத்தியநாதன்: உனக்கு எலக்ட்ரிசிட்டி தெரியாது, வாயை மூடிண்டு நில்லு. கேட் திறக்கற சத்தம்... வாங்கோ, வாங்கோ வெங்கடநாராயணன்! ஆளைப் பிடிச்சுட்டேன்!

ராஜம்மா: சாமி, மாடியிலேர்ந்து மாமி கூப்பிடுறாங்க.

வைத்தியநாதன்: அவ கிடக்கா. சார், நான் என்ன சொல்ல வரேன்னா...

ஜகதாம்பாள்: ஏன்னா! சனிக்கிழமை, எண்ணெய் தேச்சுக்க வரேளா இல்லையா? வெந்நீர் ராடை எதுக்கு ராத்திரி பிடுங்கி வெச்சேள்? நான் மறுபடியும் படிக்கட்டு லைன்லயே சொருகிட்டேன்... தண்ணி தளதளன்னு கொதிக்கறது!