மூணாவது குட்டை

— போனை கேட்லயே புடுங்கி வச்சுகினு காட்டுக்குள்ள இட்டாறது இன்னா ரூல்ஸும்மா? நான் கொஞ்ச நேரம் போன் எடுக்கலன்னா ஆபீஸ்ல அம்மாம் பேரும் பேஜாராயிடுவானுங்க.

— பறவை பாக்கற வாக் சார். ரிங்டோன் கேட்டா எல்லாம் பறந்துடும். எல்லாருக்கும் ஒரே ரூல்தான். மேடமும் குடுத்துட்டாங்களே.

— இவளுக்கு எவன் போன் பண்ணப் போறான்? ஏ ஹேமா, இந்த ஜான்சியப் பத்தி உனக்கு எவ சொன்னது?

— பெருங்களத்தூர் யோகா கிளாஸ்ல பேசிக்கிட்டாங்க. டாக்டரும் உங்கள நடங்க நடங்கன்னு தலையால அடிச்சுக்கறாரு. சுகர் எறங்கவே மாட்டேங்குது. ஒரு நாளாவது ரெண்டு பேரும் சேந்து நடக்கலாம்னு பாத்தேங்க.

— நான் ஒண்ணும் உனக்கோசரம் வர்ல. மலை மேலேர்ந்து பாத்தா நம்ம லேஅவுட் மொத்தமும் தெரியும்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு. அத்த ஒரு போட்டோ புடிச்சு ஜிஎஸ்டி ரோட்டுல போர்டு வைக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.

— கண்டிப்பா எடுத்துத் தரேன் சார். ரெண்டு வியூ பாயிண்ட், மூணு குட்டை. சுத்தி வர சாயங்காலம் ஆயிடும். பாத்து வாங்க, வேர் தடுக்கும்.

— சாயங்காலமா? சரி நட. வந்தது வந்தாச்சு.

*

— முதல் வியூ பாயிண்ட் சார். அதோ கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். அதுக்கு இந்தப் பக்கம் ட்ரெயின் போகுது பாருங்க, பொம்மை மாதிரி.

— அத்த வுடு. தோ, அந்த செவப்பு ஆர்ச்சு தெரிதா? வெற்றிவேல் நகர். என் பேரும்மா. அதுக்குப் பின்னாடி கூடுவாஞ்சேரி வரைக்கும் எங்க தாத்தன் நெல்லு போட்ட நெலம். இன்னிக்கு பாரு, கல்லு நட்டு வச்சுகீறேன்.

— சூப்பர் சார். கேட்டதுமே தெரிஞ்சுடும், பெரிய ஆள்னு.

— ஊருக்குள்ள வந்து கேட்டுப் பாரு. வெற்றிவேலுன்னா எவனும் எதிர்ல சைக்கிள் மிதிக்க மாட்டான்.

— தண்ணி குடிங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.

— கம்முனு இரு ஹேமா. பேசிகினு இருக்கேன்ல? ஏம்மா ஜான்சி, நீ எந்தப் பக்கம்?

— முடிச்சூர் பக்கம் சார். கல்யாணம் ஆகி வந்த ஊர்.

— அதுக்கு முன்னாடி?

— இங்கயேதான் சார், சுத்துப்பட்டு. வாங்க, வெயில் ஏறறதுக்குள்ள கீழ குட்டைக்கு இறங்கிடலாம்.

*

— நீலமா ஒண்ணு போச்சே, அது மீன்கொத்தி சார். அந்தப் பட்டக் கிளையில திரும்ப வந்து உக்காரும் பாருங்க.

— மீன்கொத்தி கெடக்கட்டும். சோத்த எடு ஹேமா. போன குட்டையிலயே பசிச்சுது எனக்கு. ... இன்னாது, எலுமிச்ச சோறா? வேற ஒண்ணும் கெடைக்கலியா உனக்கு?

— காலையில வேலை ஜாஸ்திங்க. ஜான்சி, நீயும் எடுத்துக்கோம்மா.

— தீபா எழுந்துச்சா, நாம கெளம்பச் சொல்லோ?

— எழுந்து குளிச்சுட்டா. அத்தை கூட உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தா.

— அம்மா கீது, கேட்ல குப்பன் கீறான். அப்போ சரி.

— தீபான்றது உங்க பொண்ணா மேடம்?

— இவரு தங்கச்சிம்மா.

— தங்கச்சின்னு வெறும் வாயால சொல்லிட முடியாது. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. அப்பா செத்தப்போ அது பாவாட கட்டிகினு ஸ்கூல் போய்கினு இருந்துச்சு. நான் தூக்கி வளத்த புள்ள. ஞாயித்துக்கெழம நிச்சயம். மாப்ள மறைமலைநகர், நம்ம ஆளுங்க, பெரிய எடம்.

— அவங்களுக்குப் பிடிச்சிருக்கா சார்?

— யாருக்கு?

— தீபாவுக்கு.

— அவளக் கேட்டுகினா செய்வாங்க? இஷ்டத்துக்கு வுட்டுதான் ஒரு தபா நாஸ்தியாச்சு. அந்த ஊறுகாய இப்டித் தள்ளு ஹேமா. இன்னா, பித்து புடிச்ச மாதிரி தண்ணியவே பாத்துகினு கீற?

*

— இது ரெண்டாவது வியூ பாயிண்ட் சார். இங்கேர்ந்து கிழக்குப் பக்கம் தெரியும். அதோ சிறுசேரி, அந்தாண்ட கேளம்பாக்கம். வானம் சுத்தமா இருந்தா கடலே தெரியும்.

— த்தூ. அந்தக் கண்ணாடி கட்டடத்தப் பாத்தாலே எனக்கு எரியுது. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, வேலைக்குப் போவட்டும்னு அங்க அனுப்பினா, பக்கத்து சீட்டுலயே ஒருத்தன் வலை போட்டுட்டான். காலனிப் பையன். சர்ச்சுல கீபோர்டு வாசிப்பானாம் தொர.

— என்னங்க, வந்த எடத்துல அதெல்லாம் எதுக்கு?

— தெரியட்டும்டி. நாலு பேருக்குத் தெரிஞ்சாதான் பயம் இருக்கும்.

— அப்புறம் என்ன ஆச்சு சார்?

— இன்னா ஆவும்? வெற்றிவேல் வூட்டுப் பொண்ணு மேல கை வச்சா இன்னா ஆவுமோ அது ஆச்சு. ஏம்மா, உன் மூஞ்சி இன்னா ஒரு மாதிரியாயிடுச்சு?

— வெயில் சார். நடங்க. மூணாவது குட்டை இந்த இறக்கம் தாண்டினா வந்துடும்.

*

— இரு இரு. நில்லும்மா. இந்த எடம் நான் பாத்த எடம். அந்தாண்ட ஜீப்பு தடம் ஒண்ணு வரும்ல?

— ஆமா சார். கல்குவாரி ஓடின காலத்துத் தடம்.

— அட்ரா சக்கை! ஹேமா, இதான் அது. அன்னிக்கு ஜீப்புல வந்தோமா, இந்தப் பக்கம் வழி கீறதே எனக்குத் தெரியாது.

— என்ன சார் நடந்துச்சு இங்க?

— அந்தக் கீபோர்டுக்காரனுக்கு இங்கதான் பாடம் எடுத்தேன். மூணு வருஷம் ஆச்சு. அவன் உஷாரு, லேசுல மாட்ட மாட்டான். இன்னா பண்ணேன் தெரியுமா? இவ தூங்கச் சொல்லோ இவ போனை எடுத்து மெசேஜ் போட்டேன். ‘அண்ணி பேசறேன், உங்க கல்யாணத்தப் பத்திப் பேசணும், தனியா வா’ன்னு. பல்ல இளிச்சுகினு வந்தான் மடையன்!

— வந்ததும்?

— வண்டில ஏத்திகினு நேரா இங்க. முட்டி போட வச்சு, வாசிக்கிற கை எதுடான்னேன். ரெண்டு கையும்தான்னான். ஒண்ணு போதும்டா உனக்குன்னு, தோ இந்தப் பாற மேலதான் வச்சாங்க பசங்க. அப்பால சட்ட, செருப்பு, போனு, எல்லாத்தையும் குட்டையில கடாசிட்டு, நடந்தே போடான்னு வுட்டுட்டோம்.

— போலீசுக்குப் போகலையா அவன்?

— எப்டிப் போவான்? ‘உனக்கு ஒரு தங்கச்சி கீதாமே, தெனம் வேலைக்குப் போய்ட்டு பஸ்ல வருதாமே’ன்னு மட்டும் கேட்டேன். அவ்ளோதான். வாயே தொறக்கல.

— அந்தத் தங்கச்சி பேர் என்னன்னு கேட்டீங்களா சார்?

— எவன் கேட்டான்? பேரு எதுக்கு?

— சும்மாதான் கேட்டேன். சரி, அதே பாறையில ஏறி நில்லுங்க சார். பின்னாடி தண்ணி, தண்ணியில மலை. போர்டுக்கு இதைவிட நல்ல போட்டோ கிடைக்காது. ஷூவைக் கழட்டிடுங்க, பாசி இருக்கு. என்கிட்ட குடுங்க.

— இந்தா புடி. மூஞ்சி நல்லா விழணும், சொல்லிட்டேன். இப்டி நிக்கவா?

— கொஞ்சம் பின்னாடி.

— போதுமா?

— இன்னும் கொஞ்சம் சார்.

— ஆழம் எவ்ளோ இருக்கும்மா இங்க?

— குவாரி வெட்டின பள்ளம். அடி எங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு அடி.

— ஜான்சி, வேணாம்.

— ஒரே அடி மேடம்.

— ஜான்சி! கேமராவ எறக்கு. என்னங்க, நீங்க முன்னாடி வாங்க. வாங்கன்றேன்ல!

— இன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி கத்திகினு... ஏய்! ஏய், ஷூவ எதுக்கு தண்ணில போடற? பைத்தியமா உனக்கு?

— மூழ்கிடுச்சு சார். எங்க அண்ணன் செருப்பு ரப்பர் செருப்பு. அது ரொம்ப நேரம் மெதந்துச்சாம். பாத்துக்கிட்டே நின்னானாம்.

— இன்னா சொன்ன?

— பிரசன்னான்னு அவனுக்கு ஒரு பேர் இருக்கு சார். பஸ்ல போய்ட்டு வர தங்கச்சி நான்தான். இடது கையில இன்னும் மூணு விரல் மடங்காது. சர்ச்சுல ஒத்தக் கையாலதான் வாசிக்கிறான். காலையில விட்டுட்டுப் போனீங்க. முள்ளுலயும் சரளையிலயும் நடந்து, இருட்டற நேரத்துல ரோட்டுக்கு வந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில முள்ளு எடுக்கும்போது காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நான்தான். அன்னைலேர்ந்து உங்களை இங்க கூட்டிட்டு வரணும்னு நினைக்காத நாளே கிடையாது.

— உன்ன உயிரோட வுட மாட்டேன்! டேய்! யார்னா கீறீங்களா அங்க!

— கத்துங்க சார், நல்லா கத்துங்க. மயில்தான் பதில் சொல்லும்.

— கீழ எறங்கட்டும். உன் வூட்டாண்ட ஆளுங்கள அனுப்பி, குடும்பத்தையே ரோட்டுக்கு இட்டார்லன்னா என் பேரு வெற்றிவேல் இல்ல.

— எங்க வீட்ல யாரும் இல்ல சார். எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. உங்க போனை வாங்கி வச்சது மீன்கொத்திக்காக இல்ல. என்கிட்ட ஒரு போன் இருக்கு, நாம சாப்பிடும்போதே இந்த போட்டோ வந்துடுச்சு. பாருங்க.

— இது... தீபா.

— மாலையோட பக்கத்துல நிக்கறது எங்க அண்ணன். பதிவாபீஸ்ல கையெழுத்து போட்டு முடிஞ்சுது. இப்போ பாதுகாப்பு கேட்டு ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காங்க. நாள் பூரா உங்களை காட்டுல நடக்க வச்சது அதுக்குத்தான். நல்லா பாருங்க சார். உங்க தங்கச்சி எந்தக் கையைப் பிடிச்சிருக்கா?

— தள்ளு! ஹேமா, வா, போலாம். ஸ்டேஷன்ல பேசிக்கலாம், நமக்குத் தெரிஞ்சவங்க கீறாங்க, இட்டுகினு வந்துரலாம். இன்னா மரமாட்டம் நிக்கிற? வா... ஆ! யம்மா!

— நில்லுங்க, நடக்காதீங்க. கருவேல முள்ளு. சுகர் காலு, புண்ணு வந்தா ஆறாது. இந்தாங்க, இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டு நடங்க.

— அக்கா, இது நாம பேசினதுல இல்லையே. வெறுங்காலோட நடக்கட்டும்னுதானே சொன்னேன்? எங்க அண்ணனுக்கு யாரும் செருப்பு கொண்டு வரல.

— வரல ஜான்சி. அவருக்கும் நமக்கும் அவ்வளவாவது வித்தியாசம் வேணாமா?

— இரு. இவ இன்னா திடீர்னு உன்ன அக்கான்றா? இது நம்ம வூட்டு பாத்ரூம் செருப்பு. இது எப்டி உன் பையில வந்துச்சு? ஹேமா. உன்னத்தான் கேக்கறேன். உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?

— தெரியும்ங்க.

— குப்பன் கேட்ல கீறப்போ தீபா எப்டி வெளிய போனா?

— நிச்சயப் பொடவைங்களுக்கு ஃபால்ஸ் தைக்கக் குடுக்கணும், நீங்களே போய்ட்டு வரச் சொன்னீங்கன்னு அத்தைகிட்டயும் குப்பன்கிட்டயும் சொன்னேன். ஆட்டோவும் நான்தான் சொல்லி வச்சேன். பெட்டிய குப்பனே தூக்கி ஏத்தியிருப்பான்.

— இவங்கள உனக்கு எப்டித் தெரியும்?

— போன மாசம் நானே இவங்க வீடு தேடிப் போனேன்.

— முதல் நாள் நான் கதவையே சாத்திட்டேன் சார். அக்கா வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தாங்க. மறுநாளும் வந்தாங்க.

— ஏன்டி? உனக்கு நான் இன்னாடி கொற வச்சேன்? நக போடலியா? கார்ல வச்சு இட்டுகினு போவலியா?

— என் பேர்ல அந்தப் பையன கூப்ட்டீங்களே. அன்னையிலேர்ந்து தீபா என் கையால ஒரு வாய் சோறு வாங்கல. நான்தான் காட்டிக் குடுத்தேன்னு நெனச்சா. எனக்குத் தெரியாதுன்னு அழுது சொன்னேன், நம்பல. ஒரே வீட்ல என்னைப் பாத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கும் அந்தப் பொண்ணு. நீங்க வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க, ‘இவ போன்ல போட்டேன் மெசேஜு’ன்னு. காபி எடுத்துக்கிட்டு வந்த நான் அங்கயே நின்னுக்கிட்டு இருப்பேன். ஒரு தடவ கூட என் மூஞ்சிய நீங்க பாத்தது இல்ல.

— அதுக்கு, என் சோத்த தின்னுகினே என் கழுத்த அறுப்பியா?

— நீங்க ஆளு வச்சு ஒடைச்சீங்க. எனக்கு யாரு இருக்காங்க? நடக்க மட்டும்தான் வச்சேன்.

— தோ பாரு ஹேமா. இன்னியோட முடிஞ்சுது. அவளும் செத்தா, நீயும் செத்த. இனிமே என் வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது.

— என் துணிமணியெல்லாம் காலையிலயே தீபா பெட்டியோட போயிடுச்சுங்க.