நிற்காத தண்ணீர்

ரோட்டில் தண்ணீர் நின்றால் தில்லிக்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். முப்பத்திரண்டு வருஷமாக ரோடு போடுகிற எனக்கு, நிற்காத தண்ணீரைப் பார்த்தால்தான் பயம். நீங்களும் தமிழர் என்பதால் விவரமாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார்.

தார்க்கலவை சூடாக இருக்கும்போதே ரோலரை ஓட்டி அழுத்த வேண்டும். ஆறிப்போனால் உள்ளே பொடிப்பொடி ஓட்டைகள் தங்கிவிடும். அவை ஒன்றோடொன்று சேர்ந்தால் மழைக்கு வழி கிடைத்துவிடும். மேலே ரோடு காய்ந்து அழகாக இருக்கும். கீழே மண் கரைந்து, உடைந்த சாக்கடைக் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கும். ஜனக்புரியில் அந்த ரோட்டை ஜனவரிக் குளிரில், ஆறிய கலவையில் போடச் சொன்னது நான். திறப்பு விழா நெருங்கிவிட்டது. நன்றாக இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஸ்ரீவத்ஸன் தரம் பார்க்கிறவன். என்னோடு வேலையில் சேர்ந்தவன், லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. ஜூலையில் அந்த ரோட்டின் மேல் ஒரு குழாயை நிறுத்தி, சுற்றிலும் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறான்.

"கோபாலா, தண்ணி நிக்கவே மாட்டேங்கறதுடா. ஸ்கூல் பஸ் போற ரோடு. திங்கக்கிழமை எழுதிக் குடுத்துடப்போறேன்."

நான் ஓய்வுபெற மூன்று மாதம் இருந்தது. கெட்ட பெயர் இல்லாமல் வீட்டுக்குப் போக நினைத்தேன். அது பேராசையா, சொல்லுங்கள்.

ஞாயிறு காலை தனியாகப் போய் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தேன். நாலு விரல் தாரைத் தாண்டியதும், எதிலும் இடிக்காமல் கைப்பிடிவரை இறங்கியது. துவாரத்தை அடைத்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"அச்சா, எழுதறதுக்கு முன்னாடி என் கண்ணெதிர ஒரு தடவை பண்ணிக் காட்டு. டேங்கர் வரச் சொல்றேன்."

அன்று மத்தியானமே வந்துவிட்டான். இடத்தைக் காட்டினேன். குழாயை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தவன், "நீயும் வந்து பாருடா" என்று கூப்பிட்டான். நான் டேங்கர் டிரைவரிடம், "பையா, தோடா பீச்சே" என்று வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னேன்.

பின்சக்கரத்துக்குக் கீழே ரோடு உள்வாங்கியதும், டிரைவர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். நல்ல மனிதர், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்ரீவத்ஸனை வெளியே எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று.

அவன் மனைவி ராஜலக்ஷ்மி, "கடைசியா என்னண்ணா சொன்னார்?" என்று கேட்டாள். என்னைக் கூப்பிட்டதை மறைக்காமல் சொன்னேன். எனக்குப் பொய் வராது.

இப்போது ரோட்டை மூடிவிட்டார்கள், ஸ்கூல் பஸ் சுற்றிப் போகிறது. அவன் கேட்டதும் அதைத்தானே.

விபத்து என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். நடைபாதையில் நின்றபடி குடை நுனியால்தான் இடத்தைக் காட்டினேன். கம்பியை உருவியதிலிருந்து அந்த ரோட்டில் நான் காலே வைக்கவில்லை.