பழ ஈயின் நடு உடம்பு

சோளக்காடு ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில், லீவு முடிந்து ஆராய்ச்சிப் படிப்புக்குத் திரும்பும் ஒரு பெண். ஜன்னலுக்கு வெளியே அவள் அப்பா.

“ஒரு ஜீனை வேலை செய்யாம அடக்கிட்டா, பழ ஈ முட்டைக்குள்ள வளர்ற புழுவுக்கு நடு உடம்பே வராதுப்பா.”

“பாவம், அதையேன் சாமி அப்படிப் பண்றீங்க?”

“எந்த ஜீன் உடம்புல எந்தத் துண்டை உண்டாக்குதுன்னு அப்பத்தான் தெரியும்.”

“நாங்க ஈய ஓட்டறோம், நீ வளக்கறே. உங்கம்மா தெவசத்துக்குப் படையல் போடறன்னிக்கு வந்துருவியா?”

“முட்டையிட்ட ஒரு மணி நேரத்துல, ஜீனை அடக்கற ஊசிய முட்டைக்குள்ள போடோணும்ப்பா. அந்த வாரம் பூரா லேப்புல என்ற முறை.”



“அப்ப உன்ற ஈக்கு வாழைப்பழம் நானே கொண்டாந்து தாரேனே, கண்ணு?”

“வேண்டாம்ப்பா. லேப்புலயே மக்காச்சோள மாவுல தீனி காய்ச்சிருவோம்.”

பஸ் நகர்ந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.