ஒழுங்காகக் கேட்டால்

தேநீரில் பாலை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, குடிக்கிறேன். காகிதக் கோப்பையில் தேநீர் தருகிற காலத்தில் பாலைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை மிஸ் பென்ஃபோல்ட் என்று கூப்பிட்டால் நல்லது. நான் இந்த விசாரணை அறைக்குள் வந்ததும் வராததுமாக, "உக்காருங்க ஆட்ரி, நான் சார்ஜென்ட் மெகன் ஹோல்ட்" என்றீர்கள். என் வயதில் பாதிகூட உங்களுக்கு இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட நான் அனுமதி தந்ததாக நினைவில்லை. அப்புறம், கேள்விகளை எல்லாம் 'ஸோ' என்று ஆரம்பிக்கிறீர்கள். "ஸோ, உங்க தம்பி எப்ப வந்து சேர்ந்தார்?" எதனால் 'ஆகவே'? அதற்கு முன்னால் நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இது தேவைப்படும். இப்படிப்பட்ட பேச்சு மற்றவர்களுக்குக் காதில் விழுகிறது. எனக்கு வாயில் விழுகிறது. வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடிக்கும்போது யாருடைய தலைமுடியோ நாக்கில் சுற்றிக்கொள்ளுமே, அந்த மாதிரி. துப்பவும் முடியாது. மரியாதையாக உட்கார்ந்து விழுங்க வேண்டும். இத்தனை வருடமும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். மருத்துவர்கள் சொல்லச் சொல்லக் கடிதம் தட்டச்சு செய்வது என் வேலை. அவர்கள் உளறுவதை நான் திருத்தித் தட்டச்சு செய்வேன், அவர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினால் நிசப்தம். இந்த லட்லோ ஊரில் அந்த வீட்டை நான் வாங்கியதே அதற்காகத்தான்.

லயனல் போன இலையுதிர் காலத்தில் வந்தான். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இருந்தவன். இரண்டாவது மனைவி வெளியே அனுப்பிவிட்டாள். அக்காவைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ரயில் நிலையத்தில் அரைக்கால் சட்டையோடு நின்றான், அக்டோபரில். தன் பெயர் இப்போது லியோ என்றான்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட்டை எடுத்து வைத்தேன். "எப்படி இருக்கே, லயனல்?" என்று கேட்டேன்.

"ஐ ஆம் குட், ஆட்ஸ்."

"நீ நல்லவனா கெட்டவனான்னு நான் கேக்கல. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவன் சிரித்தான். வாய் நிறைய ஈரமான பிஸ்கட் மாவு. "நீ மாறவே இல்ல ஆட்ஸ். வந்து கோட்டைக்கூட கழட்டல, அதுக்குள்ள மார்க் போட ஆரம்பிச்சுட்ட."

ஆட்ஸ். என் பெயரை யாரோ பாதி தின்றுவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான். நன்றி சொன்னால் 'நோ வொரீஸ்'. கவலை இருக்கிறது என்று யார் சொன்னது? பசித்தால் 'லிட்டரலி' செத்துக்கொண்டிருந்தான். சாதாரணமாக ஒரு விஷயம் சொல்லும்போதும் கடைசியில் குரலைத் தூக்கி அதைக் கேள்வியாக்கினான். மழை பெய்கிறது என்பதற்குக்கூட என் ஒப்புதல் வேண்டியிருந்தது. காபிக் கடையில் போய் நின்றுகொண்டு, "கேன் ஐ கெட்" என்பான். அதற்குப் பொருள், நானே உள்ளே போய் எடுத்துக்கொள்ளட்டுமா என்பது. கடைக்காரப் பெண்ணும் அதைப் புரிந்துகொண்டு கொடுத்துவிடுவாள். எனக்கு அவனைவிட அவள்மேல்தான் அதிக வெறுப்பு. தப்பாகக் கேட்டும் கிடைத்துவிட்டால் அப்புறம் எவன் ஒழுங்காகக் கேட்பான்?

இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் லயனலுக்குத் திக்குவாய். அம்மாவுக்கு உடம்பு முடியாது, அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. நான்தான் அவனைச் சரிசெய்தேன். புட்டிங் கிண்ணத்தை என் பக்கம் வைத்துக்கொள்வேன். வாக்கியத்தைத் திக்காமல் முழுதாகச் சொன்னால் கிண்ணம் அவன் பக்கம் போகும். இல்லாவிட்டால் நாய்க்குப் போகும். அழுவான், மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்வான், ஒருமுறை என் கையைக் கடித்துவைத்தான். ஆனால் பள்ளிக்கூடம் முடிவதற்குள் ஆற்றொழுக்காகப் பேசினான். பத்தொன்பது வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினான். அவ்வளவு தூரம் தனியாகப் போகிற தைரியத்தை அவனுக்குக் கொடுத்தது நான்தான் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன். கடிதம் போட மாட்டான். பேசத் தெரிந்தவனுக்கு எழுதுவது சோம்பலாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை உணவின்போது, "அந்தப் புதன்கிழமையை எடு" என்றான். கை மார்மலேட் பாட்டிலைக் காட்டியது.

"எதை?"

"புதன்... அந்த... புதன்கிழமை."

இது ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று யார் கண்டது? "அதோட பேரைச் சொல்லு, தர்றேன்" என்றேன். அவன் வாயின் ஒரு பக்கத்திலிருந்து தேநீர் கழுத்துக்குள் வழிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. என் ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். அவன் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். பக்கவாதம் என்றார்கள். எவ்வளவு நேரத்துக்குள் கூப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். உடனே என்று சொன்னேன். அந்த இடத்தில் அந்தச் சொல் சரியானது இல்லைதான். ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து வந்தவனை முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. புரிந்துகொள்வான், ஆனால் வார்த்தை மாறி மாறி வரும். விழுங்குவதிலும் சிக்கல் இருந்ததால் தண்ணீரில் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அது குழகுழவென்று ஸ்பூனிலிருந்து தொங்கும். எனக்குக் குமட்டும். இருந்தாலும் அளவு பிசகாமல் கலந்தேன். அதை யாரும் குறைசொல்ல முடியாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை டாம்சின் என்று ஒரு பெண் வந்தாள். அவன் தேநீரைக் குதிரை என்றான். அவள் கை தட்டினாள்.

"சூப்பர், லியோ! எந்த வார்த்தை வந்தாலும் ஓகேதான். நாம அதைக் கொண்டாடுவோம்."

"குதிரையையா?" என்று கேட்டேன்.

"முயற்சியை, மிஸ் பென்ஃபோல்ட்."

அவளை வழியனுப்பிவிட்டு வந்து, போர்வையை உதறும்போது அவனுடைய செத்த கை கட்டில் கம்பியில் இடித்துவிட்டது. அவன் என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். முழு வாக்கியம். எழுவாய், பயனிலை, எல்லாம் இருந்தது. ஒரு எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடியும். அவனுக்கு வேண்டும் என்றால் முடியும்.

டாம்சினுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "திட்டுறதும் பாடுறதும் மூளையில வேற இடத்துலேர்ந்து வருது. அவர் வேணும்னு செய்யலைங்க" என்றாள். எல்லாவற்றுக்கும் இவர்களிடம் ஒரு சமாதானம் இருக்கும். அவன் புட்டிங் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே திக்கியதை இவள் பார்த்ததில்லை.

காலையும் மாலையும் ஷார்லின் என்று ஒருத்தி வருவாள். அவனைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிடுவது அவள் வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சத்தம்.

"என்ன கண்ணு, நாம இன்னிக்கு எப்படி இருக்கோம்? இந்தக் கையை இதுக்குள்ள பாப் பண்ணுவோமா? இப்ப தலையை அப்படியே தலகாணிமேல பாப் பண்ணிக்க, செல்லம்."

எல்லாமே பாப், குழந்தைகளிடம் பேசுகிற சொல். அறுபத்தெட்டு வயது ஆம்பளையைப் பார்த்து. ஆனால் லயனல் அவளைப் பார்த்தால் சிரிப்பான், கோணல் வாயோடு. "புதன்" என்பான், தண்ணீரைக் கலந்து கொடுத்துவிடுவாள். "குதிரை" என்பான், தேநீர் வந்துவிடும். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மொழியே உண்டாகிக்கொண்டிருந்தது, என் வீட்டு முன்னறையில். பாத்திரம் கழுவாத தொட்டியில் ஏதோ முளைப்பதுபோல.

அவளை அனுப்பியவர்களுக்குத் தொலைபேசி செய்து, இனி குடும்பத்தினரே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன். கடைசி நாள் அவள் வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், அவருக்குக் குடிக்க நிறையக் குடுங்க. கேக்கலன்னாலும் குடுங்க. வாய் காஞ்சு போச்சுன்னா பேச்சும் வராது."

எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினேன். "நோ ப்ராப்ளம்" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

மறுநாள் பாடத்தை ஆரம்பித்தோம். முதலில் பிஸ்கட். பிஸ்கட்டின் பெயரைச் சொன்னால் பிஸ்கட். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தேநீர். ஒரு நாள் முழுக்கக் குதிரை, குதிரை என்றவன், சாயங்காலம், "டீ" என்றான். தெளிவாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பையை நானே அவன் உதட்டில் வைத்தேன். டாம்சினின் கைதட்டல் இத்தனை வாரத்தில் செய்யாததை நான் ஒரே நாளில் செய்தேன். நீங்களே சொல்லுங்கள், இது பலிக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அடுத்தது தண்ணீர். அது வரும்வரை தேநீரும் கிடையாது. தண்ணீருக்கு வெறும் பெயர் போதாது, முழு வாக்கியம் வேண்டும் என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்தது. கண்ணைப் பார்த்தாலே தெரியும். கலந்துவைத்த குவளையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த நாட்களில் அவனைத் தனியாக விடவே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் திட்டினான், சரளமாக. அது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. பிறகு இடது கையால் குவளையைப் பிடிக்க வந்தான். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். பிறகு ஒரு சத்தம் போட ஆரம்பித்தான். வார்த்தையே இல்லாத சத்தம். வீதியில் கேட்குமே என்று சன்னலைச் சாத்தினேன். உதடு வெடித்து, ஓரங்களில் வெள்ளையாகப் பசை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டது. நாக்கு பழுப்பாகிவிட்டது. மூச்சில் ஒரு நாற்றம். மல்லிகைத் தைலத்தைக் கைக்குட்டையில் விட்டு மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. எனக்கு மட்டும் அது சுலபமாகவா இருந்தது? என் முதுகே போய்விட்டது.

நடுவில் ஒருமுறை மனம் இளகியது. ஸ்பூனை எடுத்துவிட்டேன். அவன் வாயைத் திறந்தான், குருவிக்குஞ்சு மாதிரி. திறந்தபடியே, "புதன்" என்றான். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு அதற்குக் கொடுத்தால், அவன் பட்ட கஷ்டமெல்லாம் வீணாகிவிடும்.

நான்காம் நாள் மத்தியானம் அது வந்தது. அவன் ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ கல் பெயர்க்கிறவன் மாதிரி பெயர்த்து எடுத்தான்.

"கேன்... ஐ... ஹேவ்... வாட்டர்... ப்ளீஸ்... ஆட்ரி."

ஆட்ரி. ஆட்ஸ் இல்லை. 'கெட்'டும் இல்லை, 'ஹேவ்'. ப்ளீஸ்கூட இருந்தது. இத்தனை வருடத்தில் அவன்மேல் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொடுத்தேன், தோல் காகிதம் மாதிரி இருந்தது.

"ரொம்ப நல்லா சொன்னே, லயனல். ஒரே ஒரு திருத்தம்தான். 'கேன்'னா உன்னால முடியுமான்னு அர்த்தம். அனுமதி கேக்கிறப்ப 'மே'. இன்னொரு தடவை சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, அழுகை இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்தேன். குவளையில் இருந்தது ஆடை கட்டிவிட்டதால் அதைக் கொட்டிவிட்டு வேறு புதிதாகக் கலந்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தபோதும் அவன் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தான்.

நீங்கள் கொண்டுவந்த காகிதத்தில் 'மிஸ்டர் பென்ஃபோல்ட் கடந்து போவதற்கு முன்' என்று இருக்கிறது. எங்கே கடந்து போனான்? செத்துப்போனான். அப்படியே எழுதுங்கள். உடம்பில் தண்ணீர் இல்லாமல் செத்துப்போனான், தண்ணீர் என் கையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே 'வேண்டுமென்றே கொடுமைப்படுத்தினார்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரியை அடித்துவிடுங்கள். டாம்சினைக் கூப்பிட்டுக் கேட்டுப்பாருங்கள், இந்த நிலைமையில் இருக்கிற ஒருவன் ஐந்தாறு சொல் கோத்து முழு வாக்கியம் பேசுவது சாதாரண விஷயமா என்று. இன்னும் ஒரே ஒரு நாள் கிடைத்திருந்தால் 'மே'யும் வந்திருக்கும்.