ஏழு பத்து மரம்

எந்தக் கையில முதல்ல ஆரம்பிச்சுது, எப்பலருந்துன்னுதானே கேட்டீங்க? அதுக்குத்தான், டாக்டரம்மா, என் போனை எடுத்தேன். என்னடா இது, பொண்டாட்டி கையைப் பத்திக் கேட்டா மரத்தைக் காட்டறானேன்னு பாக்காதீங்க. ரெண்டு வாரமாத்தான் லேசா நடுங்குதுன்னு அவ உங்ககிட்ட சொன்னாளே, அதை நம்பாதீங்க. நர்ஸம்மா ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்கல்ல, அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

சுருக்கமாவா? சரி, சுருக்கமாவே சொல்றேன்.

நான் தையல்காரன். முப்பத்தஞ்சு வருஷமா கத்திரி பிடிக்கிறேன். நீங்க உள்ள வந்தப்பவே பாத்தேன், உங்க கோட்டுல இடது தோள் கால் இஞ்ச் இறங்கியிருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, கண்ணு அப்படிப் பழகிடுச்சு. இவளோட அண்ணன் ஒருத்தர் இருக்கார், என் மச்சான். குளிர் நாட்டுல இருக்கார். அங்க மரமெல்லாம் சிவப்பா மாறுதாம், மஞ்சளா மாறுதாம், அதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிச்சு, உங்க பக்கம் காலமே மாறாது மாப்ளே, வருஷம் பூரா ஒரே பச்சைதான்னு ஒரு வார்த்தை விட்டுட்டார். எனக்குச் சுருக்குன்னுது. ஏன் மாறாது? மாறுது. பாக்கத் தெரியணும். இரு, உனக்குக் காட்டறேன்னு அன்னிக்கே ஆரம்பிச்சேன்.

எங்க சமையல்கட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன பால்கனி. எதிர்ல இந்த மரம். தினம் காலைல ஏழு பத்துக்கு ஒரு போட்டோ. ஒரே இடம், ஒரே உயரம். அதுக்கு என்ன பண்ணேன் தெரியுமா, துணியில குறி போடற சாக்கட்டியால தரையில என் ரெண்டு பாதத்தையும் வரைஞ்சு வெச்சேன். கம்பியில முழங்கைக்கு ஒரு கோடு. இவ வீடு துடைக்கிறப்ப அதையும் சேத்துத் துடைச்சுடுவா. மறுநாள் போட்டோவுல மரம் அரை இஞ்ச் நகர்ந்திருக்கும். அதுக்கு ஒரு சண்டை. மரத்துக்கு அளவெடுத்து சட்டை தைக்கப் போறீங்களாம்பா. நமக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல என்னை எத்தனை போட்டோ எடுத்தீங்கன்னும் கேட்டா. நாலுன்னேன். அதுல ஒண்ணு அடையாள அட்டைக்குன்னா.

ஆனா ஒண்ணு சொல்றேன், ஒரு வருஷம் ஒரே மரத்தைப் பாத்தா நமக்கே வெக்கமாயிடும், இத்தனை நாள் கண்ணை எங்க வெச்சிருந்தோம்னு. இதோ பாருங்க, வெயில் இந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல எழும்புது. நாலு மாசம் கழிச்சு இதைப் பாருங்க, மாடிப்படிகிட்டப் போயிடுச்சு. தினம் ஒரு நூல் அளவு நகர்ந்திருக்கு, தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. பட்டை உரியறது பாருங்க. இந்தக் கிளைக்கு வர்ற மொட்டு, அந்தக் கிளைக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் வருது. ஒரே மரம்தான், ஆனா ஆளுக்கொரு அவசரம்.

வந்துட்டேன் டாக்டரம்மா, கைக்கு வந்துட்டேன். இந்த இடது ஓரத்தைப் பாருங்க. கம்பியில ஒரு தொட்டிச்செடி இருக்கா? ஏழு பத்துக்குத்தான் அதுக்கும் தண்ணி ஊத்துவா. நேரத்தை மாத்திக்கோயேன்னு நான் சொன்னா, என் செடியும் மணி பாக்கும்பா. அதனால எல்லாப் போட்டோவுலயும் ஓரமா அவ கையும் குவளையும் விழும். எனக்கு எரிச்சல்தான். மச்சானுக்கு அனுப்பறப்ப அதை வெட்டிட்டுத்தான் அனுப்புவேன்.

இன்னிக்குக் காலைல வெளிய பெஞ்சில உக்காந்திருந்தோமா, எங்க நம்பர் வர நேரமாகும்போல இருந்துது. இவ கையைப் புடவைத் தலைப்புக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் சும்மா இருக்காம முதல் போட்டோலருந்து தள்ளிக்கிட்டே வந்தேன். மரத்தைத்தான் பாத்தேன். நடுவுல எப்பவோ கண்ணு ஓரத்துக்குப் போயிடுச்சு.

இது ஆரம்பத்துல எடுத்தது. வலது கை, குவளை தளும்பத் தளும்ப. இது பூ கொட்டற நேரம், குவளையில பாதித் தண்ணி. ரெண்டு தடவை ஊத்தறா. இது காய் பிடிக்கிறப்ப. இலை, காம்பு, காக்கா மூக்கு வரைக்கும் துல்லியமா இருக்கு, கை மட்டும் கலங்கலா இருக்கு பாருங்க. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். வலது கைதான் டாக்டரம்மா முதல்ல. தேதி கீழயே இருக்கு, எழுதிக்கோங்க. ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆகுது.

அந்தச் சமயத்துலதான் பட்டன் தைக்கிற வேலையை விட்டா. கடையில அது அவ வேலை. ஊசி கோக்க முடியல, கண்ணு மங்குதுன்னா. நானும் பெரிய புத்திசாலி மாதிரி கண்ணாடி வாங்கிக் குடுத்தேன். வாங்கிப் போட்டுக்கிட்டா. தெரியுதான்னு கேட்டேன், பளிச்சுன்னு தெரியுதேன்னா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கா. நானும் சாப்பிட்டுட்டு எழுந்து போயிருக்கேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவாயில்ல.

இதையும் பாத்துடுங்க. இந்த வருஷம் முதல்ல பழுத்த இலை இது. அவ்வளவு பெரிய மரத்துல ஒத்தை இலை, அதைக் கண்டுபிடிச்சுட்டேன். சந்தோஷம் தாங்காம சிவப்பு வட்டம் போட்டு மச்சானுக்கு அனுப்பினேன், உங்க கண்ணுக்கு இது படுமான்னு கேட்டு. வட்டத்துலருந்து ரெண்டு விரல் தள்ளிப் பாருங்க. இடது கையால வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்தறா.

அதுக்கப்புறம் எப்படி இருந்துதுன்னா... அதுக்கப்புறம் இல்ல டாக்டரம்மா. தள்ளிப் பாருங்களேன். மரம் மொட்டையாகுது, துளிர் விடுது, எல்லாம் இருக்கு. ஓரத்துல ஒண்ணும் இருக்காது.

நான்தான் சொன்னேன். தினம் கையை ஆட்டி ஆட்டிப் போட்டோவைக் கெடுக்கிறே, நாளையிலருந்து நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் உள்ளயே நில்லுன்னு. சரின்னா. அந்தச் சரிக்கு ஏழு மாசம் ஆகுது. தினம் ஏழு பத்துக்குக் குவளையை வெச்சுக்கிட்டுக் கதவுக்கு உள்பக்கம் நிக்கிறா. எடுத்துட்டீங்களா, வரலாமான்னு கேட்டுட்டுத்தான் வர்றா.

இல்ல, தண்ணி வேணாம். கண்ணுல தூசி.

அவகிட்ட நான் இதைப் பாத்தேன்னு இப்ப சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அந்தச் சாக்கட்டியை எடுத்து, என் பாதத்துக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு பாதம் வரையணும். அவ பாத அளவு எனக்குத் தெரியுமான்னுதான் யோசிக்கிறேன்.

வந்துட்டா. வா, இப்படி உக்காரு. பஞ்சை அழுத்திப் பிடி. ஒண்ணுமில்ல, டாக்டரம்மாகிட்ட மரத்தைக் காட்டிக்கிட்டிருந்தேன். ஆமா, இங்கயும்தான். நாளைக்குக் காலைல ஏழு பத்துக்கு உள்ள போய் நின்னுக்காத, என்ன?